பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது: ஞாயிறு பள்ளி வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 22 வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். பெரும்பாலும் சின்னவர்கள், 3 வயதிலிருந்து 7 வரை. வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மா அப்பாக்கள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கும் கேள்விகள்தான் இவை. நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். வசனங்கள் எல்லாம் நம் வீடுகளில் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து.

எந்த வயதில் ஆரம்பிக்க வேண்டும்?

நாம் ஆரம்பிப்பதற்கு முன்பே பிள்ளை ஆரம்பித்துவிடுகிறது. ஒன்றரை வயதில் ஜெபம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஆனால் சோற்றுத் தட்டு வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரு நிமிடம் கண்ணை மூடுவது தெரியும். அதுவும் கையைக் கூப்பும், ஒரு கண்ணைத் திறந்து அப்பளத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த வயதுக்கு அது தாராளம்.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் மோசே சொல்வதைக் கவனியுங்கள். இந்த வார்த்தைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" அவற்றைப் பற்றிப் பேசு என்கிறார். அதில் பாய், பாதை, படுக்கை எல்லாம் வருகிறது, வகுப்பறை வரவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளை என்னிடம் இருக்கிறது. மிச்சமெல்லாம் உங்கள் கணக்கு.

எனக்கே பைபிள் சரியாகத் தெரியாது. பிள்ளை ஏதாவது கேட்டால் என்ன சொல்வது?

"தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் மறக்காமல் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவுக்கு அப்போது தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். சில வருடங்களில் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டுவிட்டார். பிள்ளைகளுக்குச் சமமாகத் தரையில் உட்கார அவருக்கு வெட்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் எதற்கு?

பிள்ளை கேள்வி கேட்பதை அதிகப்பிரசங்கித்தனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாத்திராகமம் 12-இல், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்காவைப் பற்றிச் சொல்லும்போதே, இது என்ன ஆராதனை என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இன்னின்னது சொல்லுங்கள் என்று வருகிறது. கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே வைத்த பண்டிகை அது.

குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் நடக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நீளம். ஒரு வீட்டில் பார்த்தேன். இரவு எட்டரை மணி, எல்லோரும் பாயில். அப்பா விட்ட இடத்திலிருந்து லேவியராகமம் வாசிக்கிறார், குஷ்டரோகச் சட்டங்கள், ஓர் அதிகாரம் முழுசாக. பக்கத்து வீட்டு சீரியலின் பாட்டு ஜன்னல் வழியாக வருகிறது. பெரியவள் பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கிறாள். சின்னவன் அம்மா மடியில் தூங்கியே போய்விட்டான். ஜெபம் முடிந்ததும் அவனை எழுப்பி, "ஜெப நேரத்தில் தூங்கலாமா?" என்று ஓர் அதட்டல். பாவம், அவனுக்கு நான்கு வயது.

ஏழு நிமிடம் போதும். ஒரு பாட்டு, பாமாலையோ கீர்த்தனையோ, ஒரே ஒரு சரணம். சுவிசேஷத்திலிருந்து பத்து வசனம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை இருந்தால் அதில் இரண்டு வசனம் அதற்கு. அப்புறம் ஆளுக்கு ஒரு வரி ஜெபம். "இயேசப்பா, எங்க மிஸ்ஸுக்குக் காய்ச்சல் சரியாகணும்" என்று பிள்ளை சொன்னால் அது முழு ஜெபம், திருத்தப் போகாதீர்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து வட்டியோடு நடத்த வேண்டாம்.

1529-இல் மார்ட்டின் லூத்தர் சின்ன ஞானோபதேசத்தை எழுதியது, வீட்டுக்குப் பெரியவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்கத்தான். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று ஒவ்வொன்றிலும் "இதன் அர்த்தம் என்ன?" என்று ஒரு கேள்வி, அதற்கு நாலைந்து வரியில் ஒரு பதில். குருமார்கள் கையில் அது பரீட்சைப் பாடமாகப் போனது அப்புறம் நடந்த கதை.

வசனத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் பிரயோஜனம் இருக்கிறதா? அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறார்களே.

இருக்கிறது. ஆனால் அர்த்தமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தானே ஓர் அர்த்தம் செய்துகொள்ளும். என் வகுப்பில் ஒருவன் கர்த்தருடைய ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற இடம் வந்தால் மட்டும் குரலை உயர்த்துவான். விசாரித்தால், காலாண்டுத் தேர்வு வருகிறதாம். சோதனை என்றால் பரீட்சை என்று நினைத்து மனதார வேண்டியிருக்கிறான். அவன் அளவுக்கு உருக்கமாக அந்த வரியை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நம் பைபிளின் தமிழ் 1871-இல் வந்தது. "சிட்சை", "தாழ்ச்சியடையேன்", "விசனமடைந்து" எல்லாம் இன்றைய பிள்ளைக்குப் புதுப் பாஷை. அதற்காக அதைத் தூக்கிப்போடவும் எனக்கு மனமில்லை, அந்த ஓசைதான் நாக்கில் நிற்கிறது. வசனத்தைப் பழைய தமிழில் படிக்கட்டும், அர்த்தத்தை வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். தாழ்ச்சியடையேன் என்றால் "எனக்கு ஒரு குறையும் வராது". அவ்வளவுதான்.

தினம் ஒரு வசனம் என்று அடுக்காதீர்கள், மாதத்துக்கு ஒன்று போதும். பத்து வயதுக்குள் 23-ஆம் சங்கீதமும் 121-ஆம் சங்கீதமும் முழுதாக வந்துவிட்டால் அது பெரிய சொத்து. அப்புறம், வசனம் படிக்காமல் வரும் பையன்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வசனம் உண்டு: யோவான் 11:35, "இயேசு கண்ணீர் விட்டார்." மூன்றே வார்த்தை. வாரம் நாலு பேராவது அதைச் சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள். நானும் விட்டுவிடுவேன்.

"இயேசப்பா பார்த்துக்கிட்டே இருக்கார், தப்பு செய்தால் தண்டிப்பார்" என்று சொல்லி அடக்கலாமா?

வேண்டாம். ஒரு வாரத்துக்கு வேலை செய்யும். அப்புறம் ஆயுசுக்கும் பிள்ளை கடவுளைப் பெரிய கண்காணிப்பு கேமராவாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பூச்சாண்டிக்குப் பதில் இயேசப்பாவை நிறுத்துகிறோம் என்று நாம் உணர்வதே இல்லை.

தேவன் பார்க்கிறார் என்பது பைபிளில் முதலில் ஆறுதலாகத்தான் வருகிறது. வீட்டை விட்டு ஓடிப்போன அடிமைப் பெண் ஆகார், வனாந்தரத்தில், வயிற்றில் பிள்ளையோடு, "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று பேரிடுகிறாள். யாருமே என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தவள் சொன்ன வார்த்தை அது. விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று உங்கள் பிள்ளை அழுதுகொண்டு வரும் நாளில் சொல்லுங்கள், இயேசப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று. அதே வாக்கியத்துக்கு வேறு ருசி வரும்.

நரகத்தைப் பற்றி ஐந்து வயதில் பேசியே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கன்வென்ஷன் மைதானத்தில் நரகப் பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து இரவில் தூக்கமில்லாமல் கிடந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று பைபிளே சொல்கிறதே?

நீதிமொழிகள் 13:24. இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் அப்பாக்களுக்கு எபேசியர் 6:4 மட்டும் நினைவுக்கு வருவதில்லை: "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்..." கொலோசெயர் 3:21 அதற்குக் காரணமும் சொல்கிறது, பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள் என்று. 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனின் கோலும் தடியும் வருகின்றன. ஆடு அவற்றைப் பார்த்து "என்னைத் தேற்றும்" என்கிறது. உங்கள் கையில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை அப்படிச் சொல்லுமா? கண்டிப்பு வேண்டும், சந்தேகமே இல்லை. ஆபீஸ் கோபத்தை வீட்டில் இறக்கிவிட்டு அதற்கு வசனம் தேடக்கூடாது.

எல்லாக் கதைகளையும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

இல்லை. நோவாவின் பேழையைக் குட்டி யானை, ஒட்டகச்சிவிங்கி படத்தோடு சொல்லிவிடுகிறோம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, "மத்த பிள்ளைங்க எல்லாம் என்ன ஆனாங்க?" என்று கேட்கும்போதுதான் அது என்ன கதை என்று நமக்கே உறைக்கிறது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை நான் பத்து வயதுக்கு முன் சொல்வதில்லை. வேறு டீச்சர்கள் சொல்கிறார்கள், என் அபிப்பிராயம் இது.

சிலுவையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சின்னவர்களிடம் பெரிய வெள்ளியோடு கதையை நிறுத்திவிட்டு, மிச்சம் அடுத்த வாரம் என்று அனுப்பாதீர்கள். ஒரே மூச்சில் ஞாயிறு காலை வரைக்கும் சொல்லி முடியுங்கள். ஒரு வருஷம் நான் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை காலையில் ஓர் அம்மாவின் போன் வந்தது. பிள்ளை இரவெல்லாம் அழுததாம்.

தாத்தாவுக்காகப் பிள்ளை ஜெபித்தது. தாத்தா இறந்துவிட்டார். இப்போது ஜெபிக்க மாட்டேன் என்கிறது.

இது என் வகுப்பிலேயே நடந்தது, 6 வயதுப் பெண். "நான் டெய்லி கேட்டேன் டீச்சர்" என்றாள். நான் சொல்ல நினைத்த எதுவும், தேவசித்தம், பரலோகத்தில் தாத்தா சந்தோஷமாக இருக்கிறார், எதுவும் வாய்க்கு வரவில்லை. அப்போது பின்னாலிருந்து அந்த மூன்று வார்த்தைப் பையன்களில் ஒருவன், வழக்கம்போலத் தப்பிப்பதற்காகத்தான், "இயேசு கண்ணீர் விட்டார்" என்று சத்தமாகச் சொன்னான்.

அவள், "ஏன் அழுதார்?" என்றாள். அவருடைய சிநேகிதன் லாசரு செத்துப்போய்விட்டான், கல்லறைக்குப் போகும்போது அழுதார் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அவர் அப்புறம் எழுப்பிட்டார்ல" என்றாள். ஆமாம் என்றேன். "எங்க தாத்தாவை எழுப்பலையே." இல்லை என்றேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, இருந்தது போல் நடிக்கவும் இல்லை. கூட உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டுக்கு முன் அவளாகவே கண்ணை மூடினாள் என்று அவள் அம்மா சொன்னார்கள்.

ஜெபித்தால் கட்டாயம் கிடைக்கும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். நாம் கொடுத்த வாக்குக்குக் கடவுள் ஜாமீன் நிற்க வேண்டியதாகிவிடும்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா, வளர்ந்த பிறகு அதுவே எடுக்கட்டும் என்று விடுவதா? எங்கள் இரண்டு குடும்பமும் இரண்டு சபை.

சி.எஸ்.ஐ., லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கர் எல்லோரும் கைக்குழந்தைக்கே கொடுக்கிறோம். எங்களிடம் பிள்ளை வளர்ந்து, வகுப்பு முடித்து, பேராயர் கையால் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பெற்று, அப்புறம் திருவிருந்து. கத்தோலிக்கர்களிடம் ஏழு வயதை ஒட்டியே புதுநன்மை, அதாவது முதல் திருவிருந்து, வாங்குகிறார்கள். 1910-இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் அப்படி வயதைக் குறைத்தார். பெந்தெகொஸ்தே, பிரதரன், பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார்கள், பிள்ளை வளர்ந்து தானே அறிக்கை செய்தபின் முழுக்கு. இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது, நூற்றாண்டுகளாகத் தீராத வழக்கு. நீங்களும் மாமனாரும் சாப்பாட்டு மேஜையில் தீர்த்துவிட முடியாது. கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவெடுத்திருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போது, பிள்ளை காதில் விழாமல்.

என் கணவர் கோயிலுக்கு வருவதில்லை. நான் மட்டும் தனியாக வளர்க்க முடியுமா?

பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது, பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பெண்களின் பேரைத்தான் சொல்கிறார். ஆகவே முடியும். ஒன்று மட்டும்: அப்பாவைப் பற்றிப் பிள்ளையிடம் "அவர் இரட்சிக்கப்படாதவர்" என்ற தொனியில் பேசிவிடாதீர்கள். அப்பாவா இயேசப்பாவா என்று பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வைப்பது அநியாயம்.

பக்கத்து வீட்டுத் தீபாவளிப் பலகாரம், நண்பன் கொடுக்கும் பிரசாதம்: வாங்கலாமா?

முறுக்கும் அதிரசமும் அன்புக்குக் கொடுப்பது. வாங்கட்டும், கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக் கேக்கும் அந்த வீட்டுக்குப் போகட்டும். படைத்ததைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் பவுல் நிதானமாகப் பேசுகிறார், அதைப் பெரியவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு அவரவர் வீட்டில் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தால், முகம் சுளிக்காமல் "தேங்க்ஸ்டா, எங்க வீட்டில் சாப்பிடுறதில்லை" என்று சொல்லப் பழக்குங்கள். "அது பிசாசுடையது" என்று ஒரு பிள்ளை வகுப்பில் சொல்லி, அதனால் ஒரு நட்பே உடைந்துபோனது. அந்த வார்த்தையை அது எங்கே கற்றது? நம் வீட்டுக் கூடத்தில்தான்.

காணிக்கை போடப் பழக்குவது எப்படி?

ஆராதனை நடுவில் கையில் பத்து ரூபாயைத் திணித்துப் போடச் சொன்னால், பிள்ளை தபால்காரர் வேலைதான் பார்க்கிறது. எங்கள் அம்மா உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள், கைப்பிடி அரிசி. அந்தப் பிடியை அள்ளும் வேலை எனக்கு. என் கை சின்னது, அதனால் "இன்னொரு வாட்டி" என்பார்கள். மாதக் கடைசியில் டப்பா கோயிலுக்குப் போகும். குக்கர் வைக்கும் வீட்டிலும் அது முடியும்.

பத்தாம் வகுப்பு. ஞாயிறு காலை டியூஷன் இருக்கிறது. ஒரு வருடம் கோயிலை நிறுத்தலாமா?

இங்கிலாந்தில் குளோஸ்டர் ஊரில் 1780-இல் ராபர்ட் ரைக்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி ஆரம்பித்தார். ஊசித் தொழிற்சாலைகளில் ஆறு நாளும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஏழாம் நாள் மட்டும்தான் ஓய்வு, அன்றைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று. நம் பிள்ளைகள் ஆறு நாள் பள்ளியில் இருக்கிறார்கள், ஏழாம் நாளையும் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டோம். ரைக்ஸ் பார்த்தால் என்ன சொல்வாரோ!

நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு வருடம் என்று நின்றவர்கள் பதினொன்றில் திரும்பி வந்ததை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மார்க்கு வேண்டும் என்றால் கோயில் இரண்டாம் பட்சம் என்று அந்த வருடம் நீங்கள் சொல்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறீர்கள். பிள்ளை அந்தப் பாடத்தை மட்டும் மறக்காது.

பதினைந்து வயது மகன் கோயிலுக்கு வர மறுக்கிறான். நாங்கள் எங்கே தவறினோம்?

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழியைச் சிலர் கியாரண்டி கார்டு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை விலகினால் பெற்றோர்மேல் பழி. அது அனுபவமொழி, ஒப்பந்தம் இல்லை. தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகள் லஞ்சம் வாங்கினார்கள். சாமுவேலை யார் குறை சொல்ல முடியும்?

என் மூத்தவன் அப்படித்தான் நின்றான். ஞாயிறு டீச்சர் மகன் கோயிலுக்கு வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? அந்தப் பயத்தில் நான் சண்டை போட்டேன், சாப்பாட்டைக்கூட ஒருநாள் நிறுத்தினேன். அவன் வந்தான், கடைசிப் பெஞ்சில் போனை நோண்டிக்கொண்டு. "உனக்கு நான் வர்றது முக்கியமில்ல, வந்தேன்னு மத்தவங்க பார்க்கிறதுதான் முக்கியம்" என்றான் ஒருநாள். கன்னத்தில் அறைந்தது போல இருந்தது, உண்மையாக இருந்ததால்.

பிற்பாடு பெரிய பேராயரான பரிசுத்த அகுஸ்தீனின் அம்மா மோனிக்காவும் இப்படி ஒரு பேராயரிடம் போய், என் மகனிடம் பேசுங்கள் என்று நச்சரித்தாள். அவர் மறுத்துவிட்டார். அவனை இப்போது விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்றார். மிலான் நகரில் 387-இல் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெறும்போது முப்பது வயது தாண்டிவிட்டது. நானும் விட்டேன். இப்போது என் மகன் வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். கோயிலுக்குப் போகிறானா என்று கேட்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது கேரல் பாட்டுக்குத் தாளம் போடுகிறான்.

விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), முகாம் எல்லாவற்றுக்கும் பிள்ளையை நம்பி அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? கழிவறைக்கு யார் கூட்டிப்போவார்கள்? இரவு தங்கல் என்றால் எங்கே, யாரோடு? ஊழியக்காரர் என்பதற்காக யாரையும் பிள்ளையோடு தனியறையில் விடவேண்டாம். நல்ல ஊழியக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருடப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த யாரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். "சபையின் பேர் கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பது சட்டப்படியும் குற்றம், தேவனுக்கு முன்பும் குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

யூடியூப் பைபிள் கதை காட்டலாமா?

எப்போதாவது காட்டலாம். சோறு ஊட்ட வேண்டாம் அதை வைத்து.

ஆராதனை நேரத்தில் என் பிள்ளை சத்தம் போடுகிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். சிறு பிள்ளைகளை விரட்டிய சீஷர்களைப் பார்த்துத்தான் இயேசு விசனமடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார், பிள்ளைகளைப் பார்த்து அல்ல. பின்னால் கதவோரம் உட்காராமல் முன்வரிசைக்கு வாருங்கள். பெரியவர்களின் முதுகு மட்டும் தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கும் சலிப்புதான் வரும். ஒரு நோட்டும் இரண்டு கலர் பென்சிலும் கொண்டுவாருங்கள். பிஸ்கட் கொண்டுவந்தால் கவரைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள், பிரசங்கம் நடக்கையில் அந்தச் சரசரப்புக்கு எங்கள் ஐயரே (சபைப் போதகர்) நிறுத்திவிடுவார். அழுகை தாங்கவில்லையென்றால் வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய், காணிக்கைப் பாட்டுக்குத் திரும்பி வாருங்கள். அது எல்லாப் பிள்ளைக்கும் பிடித்த பாட்டு.